சர்க்கரைக் காலுக்கு எந்தச் செருப்பு?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், பாதம் மரத்துப்போகிறது. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதித் தந்தார்கள். கடையில் எதைக் காட்டினாலும் எம்.சி.ஆர். என்கிறார்கள். எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: எம்.சி.ஆர். என்பது காற்று நுண்ணறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். பாதம் படும் மேல்தட்டு மட்டுமே அது. அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர் தனியாக இருக்க வேண்டும். மேல்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி, விரலை எடுத்ததும் நிமிர வேண்டும். முழுச் செருப்பும் ஒரே வார்ப்பாக, எடையே இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண ஃபோம்தான். ஆணி அடித்தது கூடவே கூடாது. குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். விரலிடுக்கில் வார் உள்ள ஹவாய் வகை வேண்டாம். கழன்று விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சரியான அளவு மரத்த காலுக்குத் தொளதொளவென்று தோன்றும். இறுக்கினால்தான் போட்ட மாதிரி இருக்கும் என்பதால் ஒரு சைஸ் குறைத்து வாங்கிவிடுவார்கள். புண் அங்கேதான் தொடங்குகிறது. மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, அப்பாவைத் தாளில் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரைந்து வெட்டுங்கள். அதைச் செருப்பின் மேல் வைத்தால் தாள் எங்கும் வெளியே நீட்டக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்கட்டும்.

முதல் நாள் அரை மணி நேரம் போட்டால் போதும். கழற்றியபின் சிவப்புத் தடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடம் அழுந்துகிறது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முகாம் போட்டு, ‘சர்க்கரையைக் குறைக்கும்’ முள் செருப்பு, காந்தச் செருப்பு விற்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். எந்தச் செருப்பும் சர்க்கரையைக் குறைக்காது. மரத்த பாதத்தை முள் மேல் நிற்க வைப்பது புண்ணை விலை கொடுத்து வாங்குவது.

மருத்துவமனைகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு உணர்வு பார்க்கச் சில நிமிடம் போதும். அதைச் செய்யாமல் சீட்டு மட்டும் எழுதித் தருகிறார்கள். ‘காலைப் பாருங்கள் டாக்டர்’ என்று நீங்களே கேளுங்கள். விரல் மடங்கியோ பழைய புண் ஆறியோ இருந்தால் கடைச் செருப்பு உதவாது. பாத அச்சு எடுத்துச் செய்ய வேண்டும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். கழற்றியே ஆக வேண்டிய இடம் கோயில். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். கருங்கல் சூடேறுமுன் காலை எட்டு மணிக்குள் போகலாம், அல்லது பொழுது சாய்ந்து கல் ஆறியபின். கொப்புளம் போட்டாலும் அவருக்குச் சுடாது. அதனால் தரையில் முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; பிரகாரம் சுற்ற வேண்டுமென்றால் தடித்த பருத்திக் காலுறை போடலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பியதும் செருப்புக்குள் கைவிட்டுக் கல் இருக்கிறதா என்று துழாவியபின் போடச் சொல்லுங்கள். வீட்டில் அவர் உள்ளங்காலை நீங்களே வெளிச்சத்தில், விரலிடுக்கு உட்பட, பாருங்கள்.