தள்ளுபடி யாருக்கு, கூலி யாருக்கு?

கேள்வி: இலவச மின்சாரம், வட்டி குறைந்த கடன், ஓய்வூதியம், தீபாவளிக்குத் தள்ளுபடி என்று கைத்தறிக்கு அரசு கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதே துணி விசைத்தறியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம் வரிப்பணத்தில் இந்தத் தொழிலை இன்னும் எத்தனை வருஷம் தாங்கிப் பிடிப்பது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 'அதே துணி' என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேட்டி எடுத்தேன். கைத்தறி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், கைத்தறி விலைதான் வாங்கினார்கள். அதைக் கட்டிக்கொண்டு தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, அவர் கரை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது பவர்லூம் சரக்கு தம்பி" என்றார். நாற்பது வருஷம் வேட்டி நெய்த விரல். குழிக்குள் கால் விட்டு மிதித்து நெய்கிற அவர் வீட்டுக் குழித்தறியில் அன்றைக்குப் பாவு, அதாவது நீளவாக்கில் ஏற்றும் நூல், இல்லை. மழைத்தண்ணீர் ஊறியிருந்த குழியின் மேல் பலகை போட்டு மூடி, அதன் மேல் பேரப்பிள்ளைகளின் புத்தகப் பைகளை வைத்திருந்தார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். நான் கைத்தறி என்று நினைத்துக் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தக் குழியில் கால் வைத்தவர் யாருக்கும் போகவில்லை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். முதலில் 22 ரகங்கள் இருந்தன, பிறகு அதைப் பாதியாக்கி 11-க்குக் கொண்டுவந்தார்கள். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் எல்லாம் இன்ன நூல், இன்ன கரை என்ற வரையறையோடு அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். அந்த 5,000, எண்பதுகளில் எழுதிய தொகை. உங்கள் பக்கத்து ஊர் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு, இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. அப்படியும் சோலாப்பூர் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு, பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே நம் கடைகளில் விற்கிறது. இந்தச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்த அரசுக்கு எத்தனை கோடி ஆகும்? கொஞ்சம் ஆய்வாளர்கள், கொஞ்சம் மனசு, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் சொன்ன சலுகைகளுக்கு வருகிறேன். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், உண்மை. ஆனால் கைத்தறி மின்சாரத்தில் ஓடுவதில்லை, காலும் கையும்தான் ஓட்டுகின்றன. தறிக்கூடத்துக்கு ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அதற்குத்தான் அது. விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள்தான். 2022-ல் அந்தக் கூலியை உயர்த்தித் தரச் சொல்லி வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடியவர்கள். கைத்தறிக்காரரின் வயிற்றில் அடிப்பது அவர்கள் இல்லை, விசைத்தறித் துணிக்குக் கைத்தறிப் பெயர் போட்டு இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிற வியாபாரம்.

அப்புறம் தள்ளுபடி. அது யாருக்குக் கிடைக்கிறது? கடையில் நின்று சேலை எடுக்கிற உங்களுக்கும் எனக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் முதலில் விலையைக் குறைத்து விற்க வேண்டும், அந்தப் பணத்தை அரசு பிறகு சங்கத்துக்குத் தரும். அது வர மாதக்கணக்கில் ஆனால் சங்கத்தில் பணம் சுழலாது, நூல் வராது, நெய்து அறுத்துக் கொடுத்த துணிக்குக் கூலி நிற்கும். நெசவாளர் பெயரைச் சொல்லி நமக்குக் கிடைக்கும் சலுகையை, நெசவாளருக்குக் கொடுத்த தானம் என்று நாமே கணக்கெழுதுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

நூல் விஷயம் இதைவிட மோசம். கைத்தறிக்கு வேண்டியது கூம்பில் சுற்றிய கோன் நூல் இல்லை, சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய சிட்டா நூல். மில்கள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் குறிப்பிட்ட பங்கைச் சிட்டமாகக் கட்டித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 40 சதவீதமாக இருந்த அந்தப் பங்கை 2019-ல் 30 ஆகக் குறைத்துவிட்டார்கள். பருத்தி நூலுக்கு மத்திய அரசு 15 சதவீத விலை மானியம் தருகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) லட்சம் ரூபாயைத் தாண்டிப் போனபோது இந்த 15 எந்த மூலைக்கு? நூல் விலை ஏறும்போது துணி விலை ஏறும், கூலி மட்டும் அப்படியே கிடக்கும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்றும், நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள்தான் என்றும் வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கில் 43 லட்சம் பேர் இருந்தார்கள். போனவர்கள் சோம்பேறித்தனத்தால் போகவில்லை.

அந்த 5,000-மும் ஒரு ஆள் சம்பாதித்தது இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது வீடே வெளியே நிற்கிறது. மனைவி ராட்டையில் தார், அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூல், சுற்றிக் கொடுத்தால்தான் கணவர் அதை நாடாவில் வைத்துப் பாவுக்குக் குறுக்கே ஓட்ட முடியும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள், பெரும்பாலும் பெண்கள் கை. சங்கப் புத்தகத்தில் கூலி வரவு ஒரே பெயரில் இருக்கும். தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவருக்கு அந்தப் புத்தகமும் கிடையாது, சங்கம் வழியாக வரும் திட்டங்களில் பெரும்பாலானவை அவர் வாசலுக்கு வருவதே இல்லை.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, மறுக்கமாட்டேன். பெயரளவில் சங்கம் வைத்துக்கொண்டு, விசைத்தறித் துணியை வாங்கி வைத்து, கைத்தறி என்று கணக்குக் காட்டித் தள்ளுபடிப் பணம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வரிப்பணம் வீணாவது அங்கே. அவர்களைப் பிடிக்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கத்துகிறேன்.

இந்த மாநிலத்துக்குக் கைத்தறி யாரோ ஒட்டிவைத்த சுமை இல்லை. நெசவாளர் சங்கங்களின் துணியை விற்றுக் கொடுக்கிற கோ-ஆப்டெக்ஸை 1935-லேயே தொடங்கிய ஊர் இது. 1953-ல் நெசவாளர்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றபோது அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். ராஜாஜி முதலமைச்சராக இருந்து வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி டெல்லியோடு வாதாடினார். இருவரும் அரசியலில் எதிரெதிர் துருவம், இதில் ஒரே பக்கம். ஆகஸ்ட் 7-ஐ தேசியக் கைத்தறி நாள் என்று 2015-ல் சென்னையில் வைத்துத்தான் பிரதமர் அறிவித்தார். ஐந்தே வருஷத்தில், 2020-ல், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். நெசவாளர் தரப்புக் குரல் டெல்லியில் ஒலிக்க இருந்த ஒரு நாற்காலியும் போயிற்று.

எனக்கு அதிகாரம் இருந்தால் தள்ளுபடியைக் குறைத்து அந்தப் பணத்தைக் கூலியில் சேர்ப்பேன், துணி அறுத்துக் கொடுத்த வாரத்துக்குள் அது வங்கிக் கணக்கில் விழ வேண்டும், கணவன் மனைவி இருவர் பெயரிலும். உங்கள் ஊரிலிருந்து பவானி பதினைந்து கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், ஜமக்காளத் தறியில் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது, கடைசியாகக் கூலி என்றைக்குக் கைக்கு வந்தது, எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.