வயிற்றில் பிள்ளை, ஊரெல்லாம் காய்ச்சல்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுவாசத் தொற்றுக் காலத்தில் கர்ப்பிணிகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: எல்லாருக்கும் வருகிற வைரஸ்தானே, கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் இத்தனை பயம்?

வளருகிற கர்ப்பப்பை நுரையீரலுக்குக் கீழிருந்து முட்டும். மூச்சு விரிய இடம் குறையும். அதேநேரம் உடம்புக்கு ஒட்சிசன் கூடத் தேவை. கையிருப்புக் குறைவு, செலவு அதிகம். 2009 இன்புளுவென்சாவின்போது அமெரிக்க மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவே கர்ப்பிணிகள். ஆனால் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐவர் அளவில் அவர்கள். கொவிட்டிலும் தீவிர சிகிச்சை, குறைமாதப் பிரசவம் இரண்டும் கர்ப்பிணிகளிடம் கூடின.

நல்லூர்: ஏழு மாதம். இருமல் இருக்கிறது, கொஞ்சம் இளைக்கிறது. இது வழமைதானே?

இருமலோடு வருகிற இளைப்பை வழமை என்று விடாதீர்கள். 2021இல் ஒரு கர்ப்பிணிப் பெண் படலையடியில் நின்று, "ஒண்டுமில்லை அக்கா, சும்மா இளைப்பு" என்றாள். அந்த நாலு சொல்லுக்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டினேன்: 91. கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே இறங்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள். கருவி இல்லையா? ஆறுதலாக இருத்தி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 20ஐத் தாண்டினால், பேச மூச்சு முட்டினால், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நகப்பூச்சு இருந்தால் கருவி பிழையாகக் காட்டலாம், அதையும் பாருங்கள்.

சுன்னாகம், ஒரு மாமியார்: மருமகளுக்குக் காய்ச்சல். மாத்திரை பிள்ளைக்குக் கூடாதென்று மல்லித்தண்ணி மட்டும் கொடுக்கிறேன்.

அம்மா, மல்லித்தண்ணி கொடுங்கள், நல்லதுதான். ஆனால் காய்ச்சலைக் குறைக்காமல் விடுவதுதான் பிள்ளைக்குக் கூடாது, அதுவும் முதல் மூன்று மாதத்தில். பனடோல் கொடுக்கலாம், 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் வேண்டாம், மருமகள் மெலிந்தவள் என்றால் அளவை டொக்டரிடம் கேளுங்கள். இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். மாரியில் இங்கே டெங்கும் வரும். அதனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள்.

சாவகச்சேரி: தடுப்பூசி?

போடுங்கள். இன்புளுவென்சா ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, எந்த மாதத்திலும் போடலாம். தாயில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கும். இலங்கையில் கர்ப்பிணிகளுக்குக் கொவிட் ஊசி 2021 யூனில் தொடங்கியது. தயங்கி நின்ற பலரின் வீட்டுக்கு நான் திரும்பத் திரும்பப் போனேன்.

வேலணை: தொற்று வந்தால் தாய்ப்பாலை நிறுத்தவேணுமா?

வேண்டாம். மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள்.

மானிப்பாய்: சனத்துக்குப் பயந்து இரண்டு கிளினிக் போகவில்லை.

நாளைக்கே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் எடுங்கள், சனம் குறைந்த நேரம் சொல்லுவார். பிரஷர் ஏறினால் வெளியே தெரியாது, அளந்தால்தான் தெரியும். கர்ப்பகாலப் பதிவுக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.