பொன்மொழி நோட்டும் பேகனின் போர்வையும்

கேள்வி: ஐயா, பள்ளி நாளிலிருந்து பல தேசத்து அறிஞர்களின் பொன்மொழிகளை நோட்டில் எழுதி வருகிறேன். மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்கிறார் சீனத்து மென்சியஸ். அவருக்குப் பின் வந்த ஷுன்சி, கெட்டவன் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
- வாசகர், தாண்டிக்குடி

பதில்: குழப்பம் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. முடிவை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு, அது முளைத்த மண்ணை விட்டுவிட்டீர்கள்.

மென்சியஸ் ஒரு மலையைக் காட்டுகிறார். மரம் அடர்ந்த மலை. பக்கத்தில் பெரிய நகரம். கோடாரி ஓயவில்லை, துளிர்த்ததையும் ஆடு மாடு மேய்ந்துவிட்டது. மொட்டையான பிறகு பார்த்தவர்கள், இங்கே மரமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். கெட்டுப்போனவனைப் பார்த்து 'இவன் சுபாவமே இது' என்கிறோமே, அதுவும் இப்படித்தான் என்கிறார். இது நமக்குப் புரியாதா? கொடைக்கானல் பைன் காட்டில் நின்று போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது நட்டு வளர்த்த காடு என்று தெரியும்? நம் மேல்மலை புல்வெளியும் சோலையுமாக இருந்தது.

ஷுன்சியோ, வளைந்த மரத்தை ஆவியில் காட்டி அழுத்தினால்தான் நேராகும் என்கிறார். மனிதனைப் பண்படுத்தாமல் விடக்கூடாது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பழனிக்குச் சங்க காலத்தில் பொதினி என்று பெயர். ஆவியர் ஊர். அந்தக் குடியில் வந்தவன் பேகன். மயிலுக்குப் போர்வை தந்த கதை உங்களுக்குத் தெரியும். அது உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே தந்தான் என்று புறநானூற்றின் 141ஆம் பாட்டில் பரணர் நெகிழ்கிறார். இரண்டு பாட்டு தள்ளிப் போங்கள். கபிலர் ஒரு மலைச்சிற்றூரின் வாசலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடுகிறார். கேட்ட ஒரு பெண் கண்ணீரை நிறுத்த மாட்டாமல், மார்பு நனைய, குழல் அழுவதுபோல் விம்மி அழுகிறாள். 'யார் அவள், பாவம்?' என்று பேகனிடமே கேட்கிறார் கபிலர். அவன் பிரிந்துவிட்டுப் போன மனைவி அவள். பெயர் கண்ணகி, சிலப்பதிகாரத்தில் வருபவள் வேறு.

மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு மனைவியின் அழுகை தெரியவில்லை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு புலவர்கள், ஐந்து பாட்டில், அவனிடம் இதைப் பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட அவனைப் போலி என்று சொல்லவில்லை. மயிலுக்கு இரங்கியது வேஷம் என்றும் சொல்லவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைவது இந்த இடத்தில்தான். 145இல் பரணர் அதே போர்வையைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். பிறகு, 'பசித்தும் வாரேம். பாரமும் இலமே' என்கிறார். பசியென்று வரவில்லை, சுமக்கக் குடும்பமும் இல்லை. நாங்கள் கேட்கும் பரிசில், இன்றிரவே நீ தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் என்கிறார். பரிசிலுக்குப் பாடிப் பிழைத்த புலவர் இப்படிக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

பேகன் நல்லவனா, கெட்டவனா? உங்கள் நோட்டில் அவனை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? அவன் தேரேறினானா என்பதும் அந்தப் பாட்டுகளில் இல்லை.

இந்த மாதம் புதிதாக எதையும் குறிக்க வேண்டாம். 141ஐயும் 145ஐயும் ஒரு வரி விடாமல், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.