ஓநாய்க்கு அஞ்ச வேண்டுமா?

கேள்வி: 2024-இல் இந்தியாவின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிச் சென்ற செய்தியைப் படித்ததிலிருந்து, ஹ்லுஹ்லுவே பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவே அச்சமாக இருக்கிறது. அங்கும் ஓநாய்கள் உண்டாமே?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தென்னாப்பிரிக்கக் காடுகளில் ஓநாய் கிடையாது. ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசியில் சிலர் ஓநாய் என்று சுட்டிக்காட்டுவது ஆப்பிரிக்கக் காட்டுநாயை. உடலெங்கும் கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள், அகன்று வட்டமாக நிமிர்ந்த காதுகள், முன்காலில் நான்கே விரல்கள் ஆகியவற்றைக் கொண்டு அதை எளிதில் அடையாளம் காணலாம். ஒருகாலத்தில் இதைக் கொடிய விலங்கென்று கருதி, குரூகர் பூங்காவின் காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. 1980களின் தொடக்கத்தில்தான் இவை உங்கள் பூங்காவில் மீண்டும் விடப்பட்டன. இவை மனிதரைத் தாக்குவது மிக மிக அரிது. ஆனாலும் சிங்கமும் யானையும் உலவும் இடம் என்பதால், பிள்ளைகளை வண்டியை விட்டு இறங்க விடாதீர்கள்.

பஹ்ராயிச் துயரம் உண்மையே; ஓநாய் மனிதரைத் தொடவே தொடாது என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். இரை விலங்குகள் அருகிப்போய், கரும்புக் கொல்லைகளை ஒட்டிக் கதவில்லாத வீடுகளில் ஏழைக் குழந்தைகள் உறங்கும் ஊர்களில் அந்த ஆபத்து கூடுகிறது. இருந்தாலும், 2002 முதல் 2020 வரை உலகெங்கும் நடந்த தாக்குதல்களை நார்வே நாட்டு ஆய்வாளர்கள் தொகுத்தபோது, பாதிக்கப்பட்ட 489 பேரில் 380 பேர் வெறிநோய் கண்ட ஓநாய்களிடம் கடிபட்டவர்கள் என்று தெரிந்தது. அந்த நோய் நமக்கும் அயலானதன்று. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அது வீட்டு நாய்கள் வழியாகவே பரவுகிறது. காட்டுநாய்க் கூட்டங்களையும் அது அழித்துவிடக்கூடும். ஆகவே பூங்காவுக்குப் புறப்படும் முன், உங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

கேள்வி: ஓநாய்க் கூட்டத்தில் வலியதே தலைவன் என்பதால், என் நாயையும் அடக்கி ஆள வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். சரிதானா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சரியன்று. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை விலங்குக் காட்சிசாலையில் ஒரே அடைப்புக்குள் விட்டுப் பார்த்து, 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய எண்ணம் அது. காட்டில் ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளுமே என்று 1999-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் விளக்கினார். நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்குவதால் அது மிரண்டு கடிக்கத்தான் செய்யும். வேறு பயிற்சியாளரைப் பாருங்கள்.