காலையில் மடங்காத விரல்கள்

அக்காவுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பு மனையும் இருக்கிறது. என் மனைவிக்கு வயது 34. ஆறேழு மாதமாக இரண்டு கை விரல்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. காலையில் கையை மடக்கவே முடிவதில்லை, பத்து மணிக்கு மேல் ஓரளவு சரியாகிவிடுகிறது. "இலை பறிக்கிற நேரத்துக்கு மட்டும் வருகிற நோய்" என்று அம்மா குத்திக்காட்டுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஆன்டி சிசிபி (முடக்குவாதத்தைக் காட்டும் ஓர் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், முடக்குவாதம் என்றார்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, பெரிய மாற்றம் இல்லை. அது புற்றுநோய் மாத்திரை என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்குப் பயம். ஊர்த் தண்ணீரால் வந்த வலி, மாத்திரையே வேண்டாம் என்கிறார் ஒருவர். ஒரே ஊசியில் மூன்று மாதம் வலி இருக்காது என்கிறார் இன்னொருவர். நீங்களும் இந்த நோயோடு இருப்பவர் என்பதால் கேட்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

நீங்களாக நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, பல வருடமாக இந்த நோயோடு குடும்பம் நடத்துகிறவள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

அம்மா சொன்னதை எடுத்துக்கொள்வோம். உங்கள் மனைவியை அந்தப் பேச்சுதான் அதிகம் வாட்டியிருக்கும். காலையில் முடங்கி, வெயில் ஏற ஏற விடுவது இந்த நோயின் அடையாளமே. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோத்துக்கொள்கிறது. இந்த அழற்சியைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் ஏறுவது பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். தேய்மானத்தால் வருகிற மூட்டுவலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இதில் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே இழுக்கும்.

அம்மாவோடு வாதாடாதீர்கள். விடிந்ததும் மருமகள் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையை மூடிக் காட்டும்போது பார்க்கச் சொல்லுங்கள். முட்டிகளுக்கு நடுவே தெரிய வேண்டிய பள்ளம் தூர்ந்துபோயிருக்கும். தொட்டால் கதகதப்பாக இருக்கும், லேசாக அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். நடித்தால் கை வீங்குமா? ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவது, களியைத் துடுப்பால் கிண்டுவது, இலை கிள்ளுவது எல்லாமே விரல் கணுக்களை நம்பிய வேலை. வெயிலுக்கு முன் இலை பறித்தாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், புழுக்களுக்கு மதியத் தீனி போடுவதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் பற்றிய சந்தேகம் நம் பக்கத்தில் யாருக்கும் வருவது நியாயம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளோடுதானே நாமும் படித்தோம்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் நிறைய இருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு தடித்து, தசைநாரில் சுண்ணாம்பு படிந்து, கழுத்தும் முதுகும் திருப்ப முடியாமல் போகும். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்து 2013இல் திறந்ததே இதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு எலும்பில் செய்வது எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்கி, ஆன்டி சிசிபியும் பாசிட்டிவாக இருந்தால் அதைத் தண்ணீர் தலையில் கட்ட முடியாது. காவிரித் தண்ணீர் வருகிறதென்றால் குடிக்க அதையே பிடித்து வையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் நல்லது. முடக்குவாதத்துக்கு அது மருந்தாகாது, அவ்வளவுதான்.

மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அங்கே கொடுக்கிற அளவு வேறு. நமக்குப் பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராமுக்குள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், ஒரு மாதத்தில் எதையும் முடிவுகட்ட முடியாது. வாரம் ஒரு முறை போட வேண்டியதை மறதியில் தினமும் போட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். அது உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எந்த நாளில் என்று கேட்டு அதையும் குறியுங்கள். ரத்த அணுக்களுக்கும் கல்லீரலுக்குமான பரிசோதனையை, அறுவடை நேரம் என்று தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் எது வந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அடுத்த மாத்திரையைப் போடக் கூடாது. அப்புறம், இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுக்கு இந்த மருந்து கெடுதல், முன்கூட்டியே மாற்றியாக வேண்டும்.

அந்த ஊசிக்கு வருகிறேன். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் இருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் கூட இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாள்பட நாள்பட முகம் ஊதுவதும் எலும்பு பலமிழப்பதும் சர்க்கரை ஏறுவதும் அப்புறம்தான் தெரியவந்தது. என்ன மருந்தென்று சொல்லாமல் போடுகிற மாய ஊசிகளிலும் பொட்டலங்களிலும் பெரும்பாலும் இந்த ஸ்டீராய்டு வகைதான் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்த அளவில் ஸ்டீராய்டு எழுதித் தருவார்கள், அது முறையான சிகிச்சை. அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெறும் வலி மாத்திரை வலியை அமுக்கும், ஆனால் உள்ளே சவ்வு எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. அதனால்தான் தம்பி, வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், வீக்கம் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அழற்சியை அடக்கிவிட்டால் கை கோணாமல் காப்பாற்றிவிடலாம்.

தக்காளி, கத்தரிக்காய் ஆகாது என்று யாராவது சொல்வார்கள். தக்காளி விளைகிற பாலக்கோட்டில் இருந்துகொண்டு அதை விலக்க வேண்டியதில்லை, ஒத்துக்கொள்வதைச் சாப்பிடட்டும்.

தினமும் காலையில் விரல் எத்தனை மணிக்கு விட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அழற்சியின் அளவைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு அந்த நோட்டும் மருத்துவருக்கு உதவும். மூன்று மாதத்தில் வீக்கம் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், அல்லது சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாதிரி ஒன்றைச் சேர்ப்பார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் தந்தால் கண் பரிசோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கடிதத்தை உங்கள் மனைவியே எழுதட்டும். விரல் ஒத்துழைக்காவிட்டால் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.