அந்தத் தனி மேசை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளனாக இருக்கிறேன். இங்குள்ள கறுப்பின ஆசிரியர், ஊழியர், மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு எங்கள் துறைப் பேராசிரியர் அழைத்தார். போனேன், நன்றாகவே நடந்தது. ஆனாலும் ஒரு நெருடல். எல்லோரும் சேர்ந்து படிக்கும் இடத்தில் நிறத்தின் பேரால் தனிச் சங்கம் எதற்கு? பிரிவினையை எதிர்த்தவர்கள் தாங்களே பிரிந்து உட்காருவது முரண் இல்லையா? அவரிடம் கேட்கத் தயக்கம், உங்களிடம் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

தயங்கியது நல்லதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர் சலித்திருப்பார்.

'பிரிந்து உட்காருவது' என்று படித்ததும் எனக்கு ஜார்ஜ் மெக்லாரின் நினைவு வந்தது. கறுப்பினத்தவர், ஏற்கெனவே முதுகலைப் பட்டம் பெற்றவர். கல்வியியலில் முனைவர் பட்டத்துக்காக ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார். மறுத்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு 1948இல் சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் ஒரு மேசை. அங்கிருந்தபடி பாடம் கேட்க வேண்டும். நூலகத்தில் மாடியில் ஒரு மேசை. பொதுப் படிப்பறையில் உட்காரக் கூடாது. சிற்றுண்டிச்சாலையிலும் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். வழக்கு மேலே போகப் போகக் கெடுபிடி தளர்ந்தது. வகுப்புக்குள் விட்டார்கள், ஆனால் சுற்றிலும் ஒரு தடுப்பு, அதில் 'கறுப்பருக்கு ஒதுக்கப்பட்டது' என்று அறிவிப்பு. பிறகு அதையும் எடுத்தார்கள். ஆனால் வகுப்பில் வரிசையும், நூலகத்திலும் சிற்றுண்டிச்சாலையிலும் மேசையும் தனியாகவே இருந்தன. அதே வகுப்பு, அதே நூலகம், இது பேருக்கு ஒரு பிரிவுதானே என்று வாதமும் வந்தது.

1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. சக மாணவர்களோடு பேசி விவாதிக்க முடியாதவர் தன் தொழிலை எப்படிக் கற்பார் என்பது தீர்ப்பின் சாரம். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதில் வரும் இன்னொரு இடத்தைப் பற்றி. அரசு போடும் தடுப்பு வேறு, பக்கத்தில் வந்து உட்கார மறுக்கும் தனிமனிதர் வேறு என்கிறது அது. முதலாவதை எடுக்கத்தான் சட்டத்தால் முடியும். இரண்டாவதைச் சமாளிக்கத்தான் உங்கள் பேராசிரியரின் சங்கம்.

ஒரு துறையில் கறுப்பின ஆசிரியர் ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம், வீட்டுப் பிரச்சினை, படிப்பை விட்டுவிடலாமா என்ற குழப்பம் எல்லாவற்றுக்கும் மாணவர்கள் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். நிர்வாகமும் எந்தக் குழு போட்டாலும் அவரைச் சேர்க்கும், படத்தில் ஒரு கறுப்பு முகம் வேண்டுமே. பணி நிரந்தரத்துக்கு எண்ணப்படுவதோ ஆய்வுக் கட்டுரைகள். 'இந்தக் குழுவுக்கு முடியாதென்று சொல்லிவிடு' என்று எச்சரிக்க, அதே வழியில் அடிபட்டு வந்த ஒரு மூத்தவர் வேண்டும். அவர் வேறு துறையில் இருப்பார், சங்கம் இல்லாமல் சந்திக்கவே வாய்ப்பில்லை. ஊழியர்களும் உறுப்பினர்கள் என்பது எனக்கு இன்னும் பிடித்தது. விருந்தில் உங்கள் பக்கத்தில் இருந்தவர் பேராசிரியரா, சமையற்கூடத்தில் வேலை செய்பவரா? எழுதவில்லையே.

விருந்தும் படமெடுப்புமாகவே தேங்கிப்போகும் ஆபத்து எந்தச் சங்கத்துக்கும் உண்டு, இதற்கும் உண்டு. டெக்சாஸில் 2024 தொடக்கத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்மைத்துவ அலுவலகங்களை, அதாவது எல்லா இனத்தவருக்கும் இடம் கிடைக்கப் பாடுபடும் அலுவலகங்களை, நடத்தவே சட்டத் தடை. மாணவர் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த அலுவலகங்களின் துணையில்லாமல் அங்கே இனி சங்கம் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று. உங்கள் ஊரில் தமிழ்ச் சங்கம் இருக்கும், பொங்கலுக்குப் போவீர்கள். அங்கே இந்தக் கேள்வி எழுந்ததா? 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் அமெரிக்காவில் குடியேற முடிந்தது. 1965இல் வந்த சட்டம் அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில், அது எழுப்பிய காற்றில். நம்மவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

அடுத்த முறை அழைத்தாலும் போங்கள். அவரிடம் ஏதாவது கேட்பதானால், பணியில் சேர்ந்த முதல் வருடம் மதியச் சாப்பாட்டை யாரோடு சாப்பிட்டார் என்று கேளுங்கள்.