கழுத்து, தோள்பட்டை இறுக்கம்: மின்சிகிச்சையா, மசாஜா, ஊசியா?

கேள்வி: நாள் முழுவதும் கணினி முன் வேலை செய்கிறேன். மூன்று மாதங்களாகக் கழுத்தும் வலது தோள்பட்டையும் இறுகிக் கிடக்கின்றன. பிசியோதெரபியில் ஐ.எஃப்.டி. என்ற மின்சிகிச்சை வைத்தால் இரண்டு நாள் சுகம், பிறகு பழைய நிலைதான். மசாஜுக்கோ டிரை நீட்லிங் என்ற ஊசிச் சிகிச்சைக்கோ மாறலாமா?

பதில்: மாறுவதால் மட்டும் பெரிய பலன் இராது. மவுஸைப் பிடித்த கை தாங்கலின்றி மணிக்கணக்கில் நிற்கும்போது, கழுத்திலிருந்து தோள்முனை வரை விரிந்துள்ள டிரபீசியஸ் தசையின் மேற்பகுதி ஓய்வே இல்லாமல் உழைத்துக் களைத்துவிடுகிறது. ஐ.எஃப்.டி., டென்ஸ் போன்ற மின்சிகிச்சைகள் வலியுணர்வைச் சிறிது நேரம் மட்டுப்படுத்துமே தவிர, அந்தத் தசையின் தாங்குதிறனைக் கூட்டுவதில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இவை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

மசாஜ் தரும் சுகமும் குறுகிய காலத்ததே. அதற்கு ஈடாக வீட்டிலேயே 15 நிமிட வெந்நீர் ஒத்தடம் போதும். சருமத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் மட்டும் சூட்டைக் கவனிக்க வேண்டும். டிரை நீட்லிங்கில் மருந்தில்லா மெல்லிய ஊசி தசைமுடிச்சில் செலுத்தப்படுகிறது. சிலருக்கு விரைவில் பலன் தெரியும். ஆனால் தோளுக்குக் கீழேயே நுரையீரலின் உச்சி இருப்பதால், பயிற்சி பெற்ற கை அல்லாமல் வேறெவரிடமும் செய்துகொள்ளக் கூடாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதோ அறவே வேண்டாம். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு.

நான் முதலிடம் தருவது தசையை வலுவாக்கும் பயிற்சிக்கே. 2011-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்றில் 198 பேர் பங்கேற்றனர். ரப்பர் பட்டையைக் கொண்டு நாளுக்கு 2 நிமிடம் மட்டும் பயிற்சி செய்தவர்களுக்கும் 10 வாரங்களில் வலி குறைந்தது. பட்டையின் நடுவில் காலூன்றி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கையைச் சற்றே மடக்கியபடி கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறினால் பட்டை உங்களுக்குக் கடினமானது என்று பொருள், மெல்லியதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஐ.எஃப்.டி. தரும் அந்த இரண்டு நாள் சுகத்தையே பயிற்சியைத் தொடங்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடையில் தடுமாற்றம், காய்ச்சல் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.